நாலு திசைக்கும் ஆகாத டாங்கி

கோபாலகிருஷ்ணனின் வலது கை இடது கையைவிடப் பெரியது. சட்டை தைக்கும்போது தையல்காரர் அதற்கு மட்டும் தனியாக டேப் வைப்பார். ஒரு குழந்தையின் கனமுள்ள பீரங்கிக் குண்டைத் தூக்கிக் குழலுக்குள் திணிப்பதையே உத்தியோகமாகக் கொண்டிருந்த கை அது. ராணுவத்தில் டாங்கிப் படை, அதில் லோடர். ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின் கைக்கு வேலை இல்லை. அந்த வேலையை வாய் எடுத்துக்கொண்டது.

ஊர் காரைமேடு. மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், புதுப்பட்டினத்துக்கு முன்னால் வரும். வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டே தெரு. ஆதியில் ஓர் அண்ணனும் தங்கையும்; அண்ணன் பிள்ளைகள் பெருகியது வடக்கு, தங்கை பிள்ளைகள் பெருகியது தெற்கு. ஆகவே எல்லோரும் எல்லோருக்கும் மாமன், மச்சான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இவர்களுக்குள்ளேதான், வெட்டிக்கொள்வதும் இவர்களுக்குள்ளேதான். வெளியாள் கையால் செத்தவன் என்று காரைமேட்டில் ஒருவனைக்கூடக் காட்ட முடியாது. ஊருக்கு அதில் ஒரு கௌரவம்.

இப்பேர்ப்பட்ட ஊரில் குறை என்னவென்று பார்த்தால் ஒரு டாங்கி இல்லாததுதான். முன்னாள் படைவீரர்கள் கூடி, எழுதிப் போட்டு, காத்திருந்து, அதையும் வாங்கிவிட்டார்கள். கிழட்டு டாங்கி இல்லை. சோதனை ஓட்டத்துக்காகச் செய்து, பாலைவனத்தில் ஓட்டி, சுட்டு, வேலை முடிந்ததும் ஒதுக்கிய நவீன டாங்கி. இன்ஜினைக் கழற்றியிருந்தார்கள். குழலின் அடியை அறுத்திருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே. இரண்டு தெருவும் சேரும் முச்சந்தியில் பீடம் கட்டி, ஜனங்கள் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள இரும்புப் படியும் வைத்தார்கள். உச்சிமூடியின் சாவி கோபாலகிருஷ்ணனின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

அன்றிலிருந்து டீக்கடையில் வகுப்பு. அறுபது டன் எடை ஓடும்போது சக்கரத்துக்கு மேலே வைத்த டீ ததும்பாது என்பார். பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் குழல் மட்டும் குறி வைத்த இடத்திலேயே நிற்கும், கோழியைக் கையில் பிடித்து உடம்பை ஆட்டினால் அதன் தலை நிற்குமே அப்படி என்பார். இருட்டில் மனிதனின் சூட்டைப் பார்த்தே சுடும். பெரிய குண்டு என்பது வெடிப்பதற்கில்லை. அது ஒரு முழ நீள அம்பு. இரும்பைத் துளைத்து உள்ளே போகும்போது இரும்பே நெருப்புத் தூறலாகிவிடும்.

"பழைய வண்டி ஒண்ண வெச்சி சுட்டோம். உள்ள மூட்டையில வக்கல அடைச்சி, காக்கி சட்ட மாட்டி, நாலு ஆளாட்டம் உக்கார வெச்சிருந்தாங்கோ. சுட்டப்புறம் போயி பாருன்னாரு ஆபீசர் சாப். பாத்தேன். நாலு பேரும் செவுத்துல கீறாங்கோ."

"செவுத்துலன்னா?"

"பூசின மாதிரி."

டீக்கடைக்காரர் வடையைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார்.

இந்த வகுப்புக்கு இரண்டு முக்கியமான மாணவர்கள். வடக்குத் தெருவின் பெரிய தலை பக்தவத்சலம், தெற்குத் தெருவின் பெரிய தலை ரஞ்சித்குமார். ஒரே பெஞ்சில் இருவரும் உட்காரமாட்டார்கள் என்பதால் கோபாலகிருஷ்ணன் தனித்தனியாகப் பாடம் எடுத்தார். கேள்விகளும் அவரவர் தேவைப்படி தனித்தனி.

ரஞ்சித்குமார் கேட்டது குண்டைப் பற்றி. "ஏண்ணா, அத்தினி குண்டையும் உள்ளயே வெச்சிகினு எப்டி குந்திகினு இருந்தீங்கோ?"

"அங்கதான்டா கீது சூட்சுமம். சில நாட்டுக்காரன் குண்ட ஆளுக்கு அடியில வளையமா அடுக்கிக்கிறான். மிஷினு எடுத்துக் குடுக்கும். பட்டுச்சின்னு வெச்சிக்கோ, வண்டியோட மண்ட தனியா பனமரத்துக்கு மேல போவும். நம்முது அப்டி இல்ல. பின்மண்டையில தனி ரூமு. நடுவுல தடி இரும்புக் கதவு. தொறக்கணும், குண்ட எடுக்கணும், கதவ மூடணும், குழல்ல திணிக்கணும், 'லோடட்'னு கத்தணும். கத்தினாத்தான் கன்னர் சுடுவான். குண்டு வெக்க அத்தவுட பத்திரமான எடம் ஒலகத்துலயே இல்ல."

"ஒலகத்துலயேவா!" என்று ரஞ்சித்குமார் வாயைப் பிளந்தான். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு டாங்கியின் உள்ளேயும் சந்தனம் தெளிக்க வேண்டும் என்று பக்தியோடு சாவியை வாங்கிப்போய், பக்தியோடு திருப்பிக் கொடுத்தான்.

பக்தவத்சலம் கேட்டது வேறு. "மச்சான், இத்த எப்டி சாவடிக்கிறது?"

"மூஞ்சில அடிச்சா ஒண்ணும் ஆவாது. இரும்பு, பீங்கான், இரும்புன்னு அடுக்கு. பக்கவாட்டுலயும் கஷ்டம். மண்டதான் இளசு. இப்ப டிரோன்லாம் அங்கதான் வந்து வுழுது. பின்மண்ட அத்தவுட இளசு. வேணும்னேதான் இளசா வெச்சிக்கிறான். ஏன்னா..."

செங்கல்பட்டு பஸ் ஹாரன் அடித்தது. பக்தவத்சலத்துக்கு அன்று கோர்ட்டில் வாய்தா. ஓடிவிட்டார். பாதிப் பாடத்தோடு.

இதற்குள் ஊரில் வேறு ஒரு தலைவலி. டாங்கியை இறக்கிய நாளில் குழல் வடக்கு பார்த்து நின்றது. வடக்குத் தெருவில் ஒரு பசு செத்தது, ஒரு போர்வெல் உப்பானது, ஒரு கல்யாணம் நின்றது. வீட்டுக்கு எதிரே தெரு குத்தினாலே ஆகாது, பீரங்கி குத்தினால்? தெற்கே திருப்பு என்றார்கள். தெற்குத் தெரு அரிவாளோடு வந்து, மாட்டோம் என்றது. கிழக்கே திருப்பலாமே என்று தாசில்தார் சொன்னார். கடலுக்குப் போகிற போட்டுக்கு நேராகவா என்று குப்பத்து ஜனம் சாலையில் உட்கார்ந்தது. மேற்கே பெருமாள் கோயில். சரி, வானத்தைப் பார்க்கட்டும் என்றால், குழல் இருபது டிகிரிக்கு மேல் நிமிராது. அந்த உயரத்தில் சுற்றி வந்தால் ஒரு பக்கம் கோபுரக் கலசம், மறு பக்கம் செல்போன் டவர். தரையைப் பார்க்கட்டும் என்றால், எதிரே நிற்கும் தலைவர் சிலையின் மார்பு. கண்மூடித் திறப்பதற்குள் நாலு திசையும் சுற்றிச் சுடுவதற்கென்றே செய்த எந்திரத்துக்குக் காரைமேட்டில் பார்ப்பதற்கு ஒரு திசை கிடைக்கவில்லை.

கோபாலகிருஷ்ணன் பிறந்தது தெற்குத் தெரு, ஆனாலும் சமாதானப் பிரியர். இன்ஜின் இல்லாவிட்டாலும் மண்டையைத் திருப்ப உள்ளே ஒரு கைப்பிடி உண்டு. அந்தப் பெரிய வலது கைக்கு அது அல்வா. அதற்குப் போட்டிருந்த பூட்டும் அவருக்குப் பூட்டில்லை. பக்தவத்சலம் வீட்டிலிருந்து ரகசியமாக வஞ்சிரம் வந்தது. ரஞ்சித்குமார் வீட்டிலிருந்து ரகசியமாக நாட்டுக்கோழி வந்தது. இரண்டுக்கும் நியாயம் செய்தார். வெள்ளிக்கிழமை விடியுமுன் உள்ளே இறங்கி, ஒரு வாரம் வடக்கே, மறு வாரம் தெற்கே சுற்றி வைத்தார். தன் பக்கம் திரும்பும் வாரம் அது எதிர்த் தெருவின் வேலை என்று இரண்டு வீடும் நம்பியது.

"ரெண்டு பக்கமும் தின்னுகினு கீற. ஒரு நாளு ரெண்டு பக்கமும் ஒதைப்பானுங்க" என்றாள் மனைவி அமிர்தவல்லி, வஞ்சிரத்தைத் திருப்பிப் போட்டபடி.

"அடி போடி. குண்டில்லாத குழாய்டி அது."

போகியன்று, புதுப்பட்டினம் சாலையில் பக்தவத்சலத்தின் தம்பி துரை வண்டியோடு தண்ணீர் லாரிக்கு அடியில் போனான். ஹெல்மெட்டை முதலில் எடுத்தார்கள். அதற்குள் தலை இருந்தது. மிச்சத்தை அப்புறம் எடுத்தார்கள். அந்த வாரம் குழல் வடக்கு பார்த்திருந்தது. சாவு வீட்டில், பால் கறக்கப் போகிற வேண்டா என்பவள் அழுகையின் நடுவே ஒரு வார்த்தை சொன்னாள். வெள்ளிக்கிழமை விடிகாலை டாங்கி மண்டை தானாகச் சுற்றியதையும், அப்புறம் அதற்குள்ளிருந்து கோபாலகிருஷ்ணன் எழுந்து வந்ததையும் அவள் பார்த்திருந்தாள்.

அழுகை நின்றது. "என் தம்பிய சுட்டுட்டான்" என்றார் பக்தவத்சலம். குண்டு ஏது, குழலின் அடி அறுத்ததாயிற்றே, சுட்டால் லாரி ஏன் வர வேண்டும் என்று கேட்க ஒரு ஆளில்லை. "அவன் புள்ளய நான் எடுக்கிறேன்."

காணும் பொங்கலன்று எடுப்பதாக முடிவானது. நல்ல நாள். மாவட்டத்துப் போலீஸ் முழுக்க மாமல்லபுரம் கடற்கரையில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போயிருக்கும்.

கோபாலகிருஷ்ணனின் பிள்ளை நிதின். கேளம்பாக்கத்தில் அறை எடுத்து ஐ.டி. கம்பெனியில் வேலை. அப்பாவின் டாங்கியை மதிக்கமாட்டான். ஆனால் போனில் டாங்கி விளையாட்டு மட்டும் விளையாடுவான். அன்று காலை அம்மாவுக்குப் புடவையும் கரும்புமாக பைக்கில் வந்தான். முச்சந்தியில் பைக்கைக் கட்டையால் அடித்துச் சாய்த்தார்கள். எழுவதற்குள் முதல் வெட்டு. தலைக்கு வந்ததைக் கையால் தடுத்தான். இடது கையில் மூன்று விரல் தார் ரோட்டில் விழுந்தன. இரண்டாவது வெட்டு தோளில். கரும்புக் கட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, கண் போன பக்கம் ஓடினான்.

கண் போன பக்கம் டாங்கி. அதன் மேலே, எண்ணெய்த் துணியும் கையுமாக அவன் அப்பா.

கோபாலகிருஷ்ணன் பார்த்தார். இரும்புப் படியில் ஏறுகிற பிள்ளை, பின்னால் பத்துப் பன்னிரண்டு அரிவாள், அவற்றுக்கு முன்னால் மச்சான் பக்தவத்சலம். வாய்க்கு வேலை இல்லாத கணம். வலது கை பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்து, ஒரு குண்டைத் தூக்குவதுபோலத் தூக்கி, மூடிக்குள் தலைகீழாக இறக்கியது. பின்னாலேயே அவரும் குதித்தார். மூடி விழுந்த இடத்தில் ஒருத்தன் கை வைத்திருந்தான். அலறல் வெளியே நின்றது. விரல் நுனி உள்ளே விழுந்தது. உள்தாழ்ப்பாளைப் போட்டார்.

மேலே மழை மாதிரி அடி. அம்பு குண்டையே தாங்குவதற்காக அடுக்கிய இரும்பையும் பீங்கானையும், இளநீர் வெட்டுகிற அரிவாளால் கொத்தினார்கள். ஒரு அரிவாள் முறிந்து, வீசியவன் தொடையிலேயே இறங்கியது. அவனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் போனார்கள். கூட்டம் அவ்வளவு குறைந்தது.

உள்ளே, கோபாலகிருஷ்ணன் எண்ணெய்த் துணியால் பிள்ளையின் கையை இறுக்கிக் கட்டினார்.

"நைனா, வெரலு எங்க?"

"ரோட்டுல கீது. அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறமா? இன்னா நைனா கரிவேப்பல மாதிரி சொல்ற? எத்துக்கு வெட்றானுங்க? நான் இன்னா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ல. நான் கொழாய சுத்தினேன்."

நிதின் வலியிலும் சிரித்துவிட்டான். பல்லெல்லாம் ரத்தம். "துரை மாமா செத்ததுக்கா? லாரி ஏத்திச்சி நைனா!"

"அத்த வெளிய போய் சொல்றியா?"

அப்போதுதான் நிதின் தலையைச் சாய்க்க இடம் தேடி, பின்னால் இருந்த இரும்புக் கதவைத் தள்ளினான். கதவு நகர்ந்தது. உள்ளே குண்டு அடுக்கும் தட்டுகளில், சணல் கயிறு சுற்றிய உருண்டைகள், வரிசையாக, தட்டுக்குத் தட்டு. மேலே காய்ந்த சாமந்தி. சந்தனப் பொட்டு. ஆயுத பூஜை வேலை.

"இன்னா நைனா இது, லட்டா?"

கோபாலகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். நாட்டு வெடிகுண்டு. தெற்குத் தெருவின் மொத்த இருப்பு. உலகத்திலேயே பத்திரமான இடம் என்று அவர் சொன்ன இடத்தில், அவர் சொன்னபடியே அடுக்கியிருந்தான் ரஞ்சித்குமார்.

மேலே அடி நின்றது. பக்தவத்சலத்தின் குரல் மட்டும் கேட்டது. "அங்க கொத்தாதீங்கடா. மூஞ்சில ஒண்ணும் ஆவாது, பக்கத்துலயும் ஆவாது. மச்சான் எனக்கு சொல்லிக்கீறாரு. பின்மண்டதான் இளசு. வண்டிங்கள்ல இருந்து பெட்ரோல உறிஞ்சி எத்துகினு வாங்கடா."

நல்ல மாணவன். கால் சத்தம் பின்னால் நகர்ந்தது. கடப்பாரை தகட்டின் இடுக்கில் நுழைந்து நெம்பியது. கொஞ்ச நேரத்தில் இடுக்கு வழியாக பெட்ரோல் சொட்டத் தொடங்கியது, சாமந்தி மேல், சணல் மேல், சொட்டுச் சொட்டாக.

"மச்சான்! புள்ளய வெளிய அனுப்பு. ஒன்ன வுட்டுர்றேன். இல்லாங்காட்டி அப்பனும் புள்ளயும் அடுப்புல வெச்ச கெழங்கு."

நிதின் அப்பாவைப் பார்த்தான். "நான் போறேன் நைனா."

"குந்துடா."

பக்தவத்சலம் பாதியில் விட்டுப்போன பாடம் இதுதான். பின்மண்டைக் கூரையை வேண்டுமென்றே இளசாக வைப்பது, குண்டறை வெடித்தால் வெடிப்பு மேலே போக வேண்டும் என்பதற்காக. நடுக்கதவு மூடியிருந்தால் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு பறக்கும். நெருப்பு வானத்துக்குப் போகும். உள்ளே இருப்பவன் பிழைப்பான். கதவு திறந்திருந்தால் நெருப்பு உள்ளே வரும். உள்ளே இருப்பவன் சுவரில் பூசின மாதிரி ஆவான். டாங்கியைக் கொல்வது வெளியிலிருந்து வரும் குண்டல்ல, அது உள்ளே வைத்திருக்கும் குண்டு. இரும்புப் படியில் நின்று அந்தக் கூரைத் தகட்டின் மேல் இப்போது குனிந்திருப்பவர் பக்தவத்சலம்.

துணி எரியும் வாசனை வந்தது. இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

செய்ய வேண்டியது இரண்டு. கதவை மூடுவது ஒன்று. மேலே நிற்பவனிடம் 'எறங்குடா, ஓடுடா' என்று கத்துவது இன்னொன்று. வலது கை கதவை இழுத்தது. கனமான கதவு, பழகிய கை. ஒரே இழுப்பில் வந்து பொருந்தி மூடிக்கொண்டது. கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

எத்தனையோ வருஷம், எத்தனையோ ஆயிரம் தடவை, அந்தக் கதவு மூடியதும் அந்த வாய் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. இப்போதும் அதைத்தான் சொன்னது. தொண்டை கிழிய.

"லோடட்!"

"இன்னாடா லோடு?" என்று மேலே பக்தவத்சலம் சிரித்தார். "ஒன் புள்ளயத்தான்டா லோடு..."

கோபாலகிருஷ்ணன் பிள்ளையின் காதைப் பொத்திக் கீழே அழுத்தினார். அறுபது டன்னும் ஒரு தடவை குதித்து உட்கார்ந்தது. கதவு சிவக்கவில்லை, வளையவில்லை. ஓரத்தில் ஒரு நூல் புகை மட்டும் வந்தது. வடிவமைத்தவர்கள் நன்றாகத்தான் வடிவமைத்திருந்தார்கள்.

வெளியே கூரைத் தகடு பெருமாள் கோயில் குளத்தில் போய் விழுந்தது. பக்தவத்சலத்தின் இடுப்புக்கு மேல் பாகம் வேப்பமரத்தில் இருந்தது. கால்கள் இரும்புப் படியிலேயே, செருப்போடு நின்றிருந்தன. சுற்றி நின்றவர்களில் ஒருவனுக்குக் கண் போயிற்று, ஒருவனுக்குத் தாடை. மற்றவர்கள் ஆணியும் கண்ணாடித் தூளும் முதுகில் ஏறியபடி ஓடினார்கள். குழல் மட்டும் அசையவில்லை. வடக்கே பார்த்தபடியே இருந்தது.

மாமல்லபுரத்தில் கூட்டம் கலைந்தபின் போலீஸ் வந்தது. ரஞ்சித்குமாரைப் படாளத்தில், மாமியார் வீட்டுக் கரும்புத் தோட்டத்தில் பிடித்தார்கள். டாங்கி ஊருக்கு ஆகவில்லை என்று பெரிய லாரி கொண்டுவந்து ஏற்றிப் போனார்கள். பீடம் காலியானது. நிதினின் விரல்களை நாய் தூக்கிப் போயிருந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிள்ளை கேட்டான். "மேல ஆளு நிக்கறது தெரியும்ல நைனா?"

"தெரியும்."

"எறங்குன்னு சொல்லிக்கலாமில்ல?"

"சொல்லத்தான்டா வாயத் தொறந்தேன்."

 வாய் கத்திய அந்த வார்த்தையை உயிரோடிருப்பவர்களில் கேட்டது நிதின் ஒருவன்தான் என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். தாடை போனவனும் கேட்டிருந்தான். தாடை இல்லாமலே அதை வடக்குத் தெருவுக்குச் சொல்லியும்விட்டான், மண்ணில் எழுதி. 'லோடட்' என்று கத்தினால் கன்னர் சுடுவான் என்பதை டீக்கடையில் பாடம் கேட்ட ஒவ்வொருவனும் அறிவான். கோபாலகிருஷ்ணன் சொல்லித்தான் வெடித்தது என்று வடக்கே பேச்சு எழுந்தது. மறுபடியும் அரிவாள் தீட்டினார்கள். மறுபடியும் நிதின்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் பக்தவத்சலத்தின் மனைவி ரங்கநாயகி, கோபாலகிருஷ்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பிறந்தது தெற்குத் தெரு. அவருக்குத் தங்கை முறை. பின்னால் வடக்குத் தெரு ஆம்பிளைகள், லுங்கிக்குள் எதையோ செருகிக்கொண்டு. அமிர்தவல்லி கதவை மறித்து நின்றாள். உள்ளே கட்டோடு நிதின்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கடைசியா அவருகிட்ட நீ இன்னா சொன்ன?"

கோபாலகிருஷ்ணன் டாங்கியைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறார். அளந்ததும் உண்டு, பெருமையடித்ததும் உண்டு. ஆனால் டாங்கி விஷயத்தில் ஒரு பொய் சொன்னதில்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"எறங்குன்னு சொன்னேம்மா. ஓடிடுன்னு கத்தினேன். அவரு கேக்கல."

ஆம்பிளைகளில் ஒருவன், "பொய்! லோடட்னு கத்திக்கிறான்!" என்று முன்னால் வந்தான்.

ரங்கநாயகி கையை நீட்டி அவனை நிறுத்தினாள். கோபாலகிருஷ்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு எந்த அடுக்கு இரும்பும் போதாது. அவர் கண்ணைத் தாழ்த்தினார்.

"அண்ணன் சொல்லியிருப்பாரு" என்றாள், ஆம்பிளைகள் பக்கம் திரும்பி. "எங்க வூட்டுக்காரரு என்னிக்கி, யாரு சொன்னத முழுசா கேட்டுக்கீறாரு? நான் இருவது வருசமா சொல்லிகினுதான் இருந்தேன். நடங்க."

நடந்தார்கள். வாசல்படி இறங்கும்போது அவள் ஒருதரம் திரும்பினாள். கதவுக்குப் பின்னால் நின்ற நிதினின் கையை, கட்டுக்கு வெளியே மீதி இருந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வடக்கே போனாள்.

கோபாலகிருஷ்ணன் இப்போதும் டீக்கடைக்கு வருகிறார். டீயை இடது கையில் வாங்குகிறார். காலிப் பீடத்தைக் காட்டி, இங்கே என்னவோ இருந்ததாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், காசை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்.